இனி கேட்க வேண்டாம்

அந்தச் சிரிப்பு பின்வரிசையில் ஒரு ‘க்ளுக்’கில்தான் தொடங்கியது. யாரோ வாயைப் பொத்திக்கொண்டு மூக்கு வழியாக விட்ட சின்னச் சத்தம். அப்புறம் அது, தகரக் கூரையின் ஒரு ஓரத்தில் விழுந்த மழை மறு ஓரத்துக்கு நடந்து வருவதுபோல, வரிசை வரிசையாக முன்னால் வந்து என் முதுகைத் தொட்டு, என்னைத் தாண்டி, முதல் பெஞ்சு வரைக்கும் போய்க் கரும்பலகையில் பட்டுத் திரும்பியது. புகுமுக வகுப்பு. பாளையங்கோட்டையில் சொட்டு மழை இல்லாத ஒரு ஜூலை. நான் எழுந்து நின்று சொன்னது, எனக்குப் புரியல மிஸ், அவ்வளவுதான். ஆங்கில வகுப்பில், ஆங்கிலப் பாடத்தின் நடுவில், தமிழில் சொல்லிவிட்டேன். தயாவதி மிஸ் சிரிக்கவில்லை, திட்டவுமில்லை. சிரிப்பு முடியட்டும் என்று சாக்பீஸை இரண்டு விரலால் பிடித்தபடி காத்திருந்தார். முடிந்ததும் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். நானாக உட்கார்ந்தேனா, பக்கத்தில் இருந்தவள் தாவணியைப் பிடித்து இழுத்தாளா, அதெல்லாம் போய்விட்டது. சத்தம் மட்டும் போகவில்லை. எழுபத்து மூன்று வயதில், மத்தியான வெயிலில், மகளுடைய லேப்டாப் முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும்போது அது ஏன் கேட்கவேண்டும்? இங்கே சிரிக்க யார் இருக்கிறார்கள்? ஃபேன் இருக்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை எதையோ சொல்ல வந்து விழுங்கிக்கொள்கிற ஃபேன். மூடிய கதவுக்குப் பின்னால் மங்கை படுத்திருக்கிறாள். என் முன்னால் இந்தக் கறுப்புத் திரை. அதில் ஒரு சின்ன வெள்ளைக் கோடு விட்டுவிட்டு மின்னுகிறது. பதில் சொல்லத் தெரியாதவள் முன்னால் பொறுமையாக நிற்கும் வாத்தியார் மாதிரி.

நிலமங்கை என்று பெயர் வைத்தது நான். அந்தப் பெயரின் நீளம் அவளுடைய ஆபீசுக்கு ஒத்துவரவில்லை, நிலா என்று நறுக்கிவிட்டார்கள். எனக்கு மங்கை. காலையிலிருந்து அவளுக்கு ஒற்றைத் தலைவலி. ஈரத்துணியை நெற்றியில் கட்டி, ஜன்னல் திரை விலகாமலிருக்கத் துணிக் கிளிப் மாட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். படுப்பதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்கார வைத்தாள். “அம்மா, அது கேக்கும். நீ எஸ் போடு. அவ்வளவுதான்.” எதைக் கேட்கும் என்றேன். “இதைச் செய்யட்டா, அதைச் செய்யட்டான்னு கேக்கும். எல்லாம் நான் பாத்து வச்சதுதான். ஏதாச்சும் தப்பா வந்தா மட்டும் என்னை எழுப்பு.” தப்பென்று எனக்கு எப்படித் தெரியும்? அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. அதற்குள் அவள், கண்ணைத் திறக்கமுடியாமல் ஒரு கண்ணால் என்னைப் பார்த்து, “என்னம்மா முழிக்கே, இங்கிலீஷ்தான? நீ ஊருக்கெல்லாம் சொல்லிக்குடுத்த இங்கிலீஷ்தான?” என்று சிரித்தாள். வலியோடு சிரித்த சிரிப்பு. அதில் கேலி ஒன்றுமில்லை, இருந்தாலும் என் காது அதைப் பழைய கணக்கில்தான் சேர்த்தது. நான் தலையாட்டினேன். ஆங்கிலத்தில் எம்.ஏ., முப்பது வருஷம் பெண்கள் கல்லூரியில் கோமதி மிஸ். தலையாட்டாமல் என்ன செய்வாள்?

அவள் வேலை இன்னதென்று எனக்கு நிறையத் தடவை சொல்லியிருக்கிறாள், நானும் நிறையத் தடவை தலையாட்டியிருக்கிறேன். ஒரு கம்பெனியின் வெப்சைட் ஓட எங்கேயோ ஒரு கம்ப்யூட்டர் வேண்டும், அதற்கு சர்வர் என்று பெயர், அந்தக் கம்ப்யூட்டர் நம்முடையதாக இருக்கவேண்டியதில்லை, கிளவுட் என்கிற பெரிய வாடகைக் கொட்டகையில் ஒரு மூலை கிடைத்தால் போதும். அந்த மூலையை எடுத்து, கூட்டிப் பெருக்கி, பூட்டுப் போட்டு, வெப்சைட்டைக் கொண்டுபோய் ஏற்றுகிற வேலைக்கு முன்பெல்லாம் இவளுடைய டீமில் பதினோரு பேர் இருந்தார்கள். ராத்திரி பகலாகப் பேசுவார்கள், சண்டை போடுவார்கள், யாருக்காவது பிறந்தநாள் என்றால் ஆளாளுக்குத் தன் வீட்டில் கேக் வைத்துக்கொண்டு திரையில் பாடுவார்கள். இப்போது அந்த வேலை முழுவதையும் ஏஜென்ட் என்கிற ஒன்று செய்கிறது. ஆளில்லை, குரலில்லை, எழுத்து மட்டும். என்ன வேண்டுமென்று சொன்னால் அதுவே யோசித்து, அதுவே கட்டளைகளை எழுதி, அதுவே சர்வரை எடுத்து எல்லாம் செய்கிறது. ஆனால் ஒவ்வொரு படியிலும் ஒரு மனுஷர் சரி சொல்லவேண்டும், அது கம்பெனி விதி. அந்த மனுஷர் மங்கை. மற்ற பத்துப் பேரையும் ஒவ்வொருவராக அனுப்பிவிட்டார்கள். “நான் இருக்கேன்ல, அது எஸ் சொல்லத்தாம்மா. பெரிய படிப்புப் படிச்சுட்டுப் பூம்பூம் மாடு வேலை” என்றாள் ஒருநாள், தோசையைப் பிய்த்துக்கொண்டே. நான் சிரித்தேன். இன்றைக்கு அந்த மாட்டுக்கு உடம்பு சரியில்லை, அதனால் கிழட்டு மாடு வந்து உட்கார்ந்திருக்கிறது. இது வெளியே தெரியக்கூடாது. நிலா என்ற பெயரில்தான் நான் எஸ் போடுகிறேன்.

முதல் கேள்வி நன்றாகத்தான் இருந்தது. மும்பையில் ஒரு சர்வர் எடுக்கட்டுமா என்றது. மும்பை தெரிந்த ஊர். எஸ். அடுத்தது இரண்டு வாசல்களைத் திறக்கிறேன், மற்றவை மூடியிருக்கும் என்றது; அந்த வாக்கியம் எனக்குப் பிடித்திருந்தது, ஒரு கவிதையின் கடைசி வரியாக வைத்தாலும் நிற்கும். எஸ். மூன்றாவதில் வழுக்கல் தொடங்கியது. ஒவ்வொரு சொல்லும் எனக்குத் தெரிந்த சொல். அந்தச் சொற்களைப் பிள்ளைகளுக்கு நான் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், எங்கிருந்து வந்தது, எந்த அழுத்தத்தில் சொல்லவேண்டும் என்று. ஆனால் வாக்கியமாகச் சேர்ந்து நின்றபோது அவை என்னைத் தெரியாதவை மாதிரி பார்த்தன. கல்யாண வீட்டுக்குப் போய், தெரிந்த முகமாகத்தான் இருக்கிறது, யாரென்று பிடிபடவில்லை, அவர்களோ நெருங்கிவந்து ‘என்னைத் தெரியலையா’ என்று கேட்கிறார்கள், நாம் தெரியாமலென்ன என்கிறோமே, அந்த மாதிரி. தெரியாமலென்ன. எஸ். நான்காவது, ஐந்தாவது. எஸ், எஸ். கேள்விக்குக் கீழே மூன்று பதில்கள் இருக்கும், ஒன்றைத் தேர்ந்தெடுக்கவேண்டும். முதலாவது, சரி. மூன்றாவது, வேண்டாம். நடுவில் ஒன்று: சரி, இதுபோன்றவற்றுக்கு இனி கேட்க வேண்டாம். ஒவ்வொரு முறை கேள்வி வரும்போதும் லேப்டாப் ‘டிங்’ என்று மெதுவாக ஒரு சத்தம் போடும். வகுப்பில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுபோல இருக்கும் எனக்கு. கோமதி, எழுந்திரு, சொல்லு. தெருவில் பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்குகிறவனின் ஒலிபெருக்கி போனது, அது திரும்பி வருவதற்குள் இன்னும் இரண்டு டிங். நான் கதவைப் பார்த்தேன். எழுப்பலாம். எழுப்பி, இது என்ன மங்கை என்று கேட்கலாம். ஈரத்துணியை விலக்கி, ஒரு கண்ணைத் திறந்து, வெளிச்சத்தில் முகம் கோணி, இதுகூடவாம்மா என்பாள். சொல்லமாட்டாள், நினைப்பாள். இல்லை, நினைக்கக்கூட மாட்டாள். நான் நினைத்துக்கொள்வேன், அவள் நினைக்கிறாள் என்று.

இந்த மிஷினையே கேட்டிருக்கலாம். அதுதான் இப்போது என்னை நாற்காலியோடு சேர்த்து அழுத்துகிறது. கீழே எழுத ஒரு இடம் இருந்தது. எதை வேண்டுமானாலும் எழுது, பதில் சொல்லும் என்று மங்கையே காட்டியிருக்கிறாள், ஒருமுறை அதனிடம் ரசத்துக்குப் புளி எவ்வளவு என்று கேட்டுக் காண்பித்தாள். இதற்குக் கண் இல்லை, பின்வரிசை இல்லை, மூக்கு வழியாகச் சத்தம் விடாது. இதனிடம் புரியவில்லை என்று சொல்வதில் என்ன போய்விடும்? விரலைக் கொண்டுபோனேன். ‘என்ன அர்த்தம்’ என்று எழுதத் தொடங்கி, அழித்தேன். ஒரு மிஷின் முன்னால் வெட்கப்படுகிறேன் என்பது தெரிந்ததும் அந்த வெட்கத்துக்கு ஒரு வெட்கம் முளைத்தது, காதுமடல் சுட்டது. வகுப்பு முடிகிற மணிக்கு முன்னால் முப்பது வருஷமும் நான் கேட்டிருக்கிறேன், எனி டவுட்ஸ் என்று. அறுபது தலைகளும் இல்லை இல்லை என்று ஆடும். நானும் புத்தகத்தை மூடிக்கொண்டு நிம்மதியாக இறங்கிப் போவேன். அந்த அறுபதில் எத்தனை பேருக்குக் காதுமடல் சுட்டதோ. ஒருத்தியும் எழுந்திருக்காதபடி நான் எந்த முகத்தை வைத்துக்கொண்டு நின்றேனோ. தயாவதி மிஸ்ஸின் முகத்தைத்தானோ. டிங். எட்டாவதோ ஒன்பதாவதோ. பெரிய பத்தியாக இருந்தது, படிக்கத் தொடங்கி நடுவில் என் கண் நழுவியது, மறுபடி தொடங்கி மறுபடி நழுவியது, அதே வரியை நாலு தடவை. அப்போதுதான் நடுப் பதில் ஒரு நல்ல மனுஷியைப்போலத் தெரிந்தது. இனி கேட்க வேண்டாம். பாவம் அதுவும் எத்தனை தடவை கேட்கும், நானும் எத்தனை தடவை சொல்ல. இப்படி அதற்காக இரக்கப்படுவதுபோலத்தான் எனக்கே சொல்லிக்கொண்டேன். அமுக்கினேன்.

அமைதி. டிங் இல்லை. வரிகள் தாமாக மேலே ஏறிப் போகத் தொடங்கின, மழைக்காலத்தில் ஜன்னல் கம்பியில் ஓடும் சொட்டுகளை யாரோ தலைகீழாக ஓட்டியதுபோல. நான் அவற்றைப் படிக்கவேண்டியதில்லை, பார்த்துக்கொண்டிருந்தால் போதும். தண்ணீர் குடித்தேன். அந்தக் கொஞ்ச நேரம் நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை இப்போது நினைத்தால்தான் அதிகமாகக் கூசுகிறது. அந்த வரிகளுக்கிடையில் ஒரு சொல் போயிற்று. டெஸ்ட்ராய், ஆங்கிலத்தில் அழித்தல் என்கிற சொல். அடித்து நொறுக்குதல், இல்லாமல் ஆக்குதல், அந்தச் சொல்லுக்குள் ஒரு கட்டடம் இடிகிற சத்தம் இருக்கிறது என்று நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன். அது இரண்டு முறை வந்தது, மேலே ஏறியது, போய்விட்டது. எனக்குத் தெரியாத வேறு அர்த்தம் இவர்கள் உலகத்தில் அதற்கு இருக்கும் என்று விட்டுவிட்டேன். தண்ணீர் டம்ளரைக் கீழே வைத்தபோது திரை நின்றிருந்தது. முடிந்தது. புதிய சர்வர் வேலை செய்கிறது. பழையது நீக்கப்பட்டது. மூன்று வாக்கியம், மூன்றும் புரிந்தன. பழையது நீக்கப்பட்டது. அதை நீக்கவேண்டுமா? மங்கை அப்படிச் சொன்னாளா? ராத்திரி போனில் யாரிடமோ ‘பழசு ஒரு வாரம் அப்படியே இருக்கட்டும்’ என்று பேசினாளே, அது இதுவா, வேறா? அவளை எழுப்பாமல் இதைக் கேட்க இந்த மிஷின்தான் இருக்கிறது. எழுதும் இடத்துக்குப் போனேன். ஆங்கிலம் வரவில்லை. முப்பது வருஷ ஆங்கிலம், ஒரு வாக்கியம் வரவில்லை. தமிழில், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, எனக்குப் புரியவில்லை என்று எழுதினேன்.

அது சிரிக்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. உடனே, தமிழிலேயே, சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னது. இது ஒரு கண் ஆஸ்பத்திரியின் முன்பதிவுத் தளம். புதிய சர்வரை வைக்கும்போது அதே பெயரில் இருந்த பழைய சர்வர் நீக்கப்பட்டது. நேற்று இரவு வரைக்குமான பதிவுகளின் நகல் பத்திரமாக இருக்கிறது, அதைப் புதியதில் ஏற்றிவிட்டேன். இன்று காலையிலிருந்து பதிவு செய்தவர்களின் விவரம் பழைய சர்வரில் மட்டும் இருந்தது. அது இப்போது இல்லை. திரும்ப எடுக்க வழி இல்லை. இனி கேட்க வேண்டாம் என்று நீங்கள் தேர்ந்தெடுத்ததால் நான் தொடர்ந்தேன். ஆனாலும் நீக்குவதற்கு முன்னால் நான் நிறுத்தித் தனியாகக் கேட்டிருக்க வேண்டும், அது என் தவறு. வேறு எது புரியவில்லையோ கேளுங்கள். கேளுங்கள் என்கிறது. அந்தப் பதினேழு வயதில் இப்படி ஒருத்தர் சொல்லியிருந்தால். சீ, இப்போது என்ன என்னைப் பற்றி. காலையிலிருந்து என்றால் எத்தனை பேர்? எட்டயபுரத்துப் பக்கம் ஒரு பொம்பளை, புரை விழுந்த கண், அண்ணன் மகனைக் கெஞ்சி அவன் போனில் பதிவுபோட வைத்து, ‘பதிஞ்சாச்சு அத்தை, நாளைக்குப் பத்து மணிக்குப் போ’ என்று அவன் சொல்ல, முதல் பஸ் பிடித்து வந்து கவுண்டரில் நிற்பாள். பேர் இல்லையேம்மா என்பார்கள். நல்லாப் பாருங்க என்று சொல்லுவாளா? எங்கே போச்சு, எனக்குப் புரியலையே என்று கேட்பாளா? பின்னால் வரிசை நிற்கும். கேட்கமாட்டாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, தான்தான் ஏதோ சரியாகச் செய்யவில்லை என்று நினைத்தபடி பஸ் ஸ்டாண்டுக்கு நடப்பாள். அவளை எனக்கு நன்றாகத் தெரியும்.

எழுந்து கதவுவரை போனேன். கைப்பிடியில் கை வைத்தேன். உள்ளே அவள் மூச்சு கேட்டது, சிறுபிள்ளையில் காய்ச்சல் வந்தால் விடுகிற அதே மூச்சு. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும். தூங்கட்டும் என்று யாருக்காகச் சொல்கிறேன்? திரும்பி வந்து உட்கார்ந்தேன். திரையின் மூலையில் யாரோ ‘நிலா, எல்லாம் ஓகேயா?’ என்று கேட்டு ஒரு வரி வந்து, கொஞ்ச நேரம் நின்று, மறைந்தது. பெயர் ஷ்ரவன். மேனேஜர். மறுபடி கதவு. மறுபடி நாற்காலி. மூன்றாம் தடவை நான் எழுந்தபோது கதவு உள்ளிருந்தே திறந்தது. நெற்றியில் துணி அழுந்திய தடத்தோடு மங்கை நின்றாள். “ஏம்மா இங்கன நிக்கே? முடிஞ்சிட்டா?” அவள் திரைக்குக் குனிந்தாள், கண்ணைச் சுருக்கிக்கொண்டு. “பழசை அழிச்சிட்டாம்மா? ஏன் என்னை எழுப்பல? அது கேட்டிருக்குமே. நிச்சயமா கேக்கும், அழிக்கதுக்கு முன்னாடி நின்னு கேக்கும்.” என் வாய் திறந்தது. வேறு யாரோ என் குரலில் பேசியதுபோல, “அது கேக்கல மங்கை” என்றேன். “அதுவாத்தான் செஞ்சிட்டு. என்கிட்ட ஒண்ணுமே கேக்கல.”

அவள் முதலிலிருந்து வரிகளை விரலால் தள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் இருந்தது. நான் போட்ட ஒவ்வொரு எஸ்ஸும், நேரத்தோடு. அப்புறம் அந்த நடுப் பதில். அதில் அவள் விரல் நிற்கவில்லை, பார்க்காததுபோலத் தாண்டியது. எனக்குப் புரியவில்லை என்று தமிழில் தனியாக நின்ற வரிக்கு வந்ததும்தான் நின்றது. அதன் கீழே ஏஜென்ட் தன் தவறென்று சொல்லியிருந்த வரியையும் படித்திருப்பாள். மிஷின் ஒரே வரியில் சொல்லிவிட்டது. நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஓடு ஒன்றில் ஒரு கீறல் இருந்தது, அதை இதற்கு முன்னால் பார்த்ததில்லை. அவள் திரும்பவில்லை. “என்கிட்ட கேட்டிருக்கலாம்லாம்மா” என்றாள், ரொம்ப மெதுவாக, எனக்கு வலிக்கக்கூடாதென்று. அந்த மெதுவில்தான் வலித்தது. “நீ திட்டு மங்கை” என்றேன். “திட்டி என்ன செய்ய. போ, எனக்குக் கொஞ்சம் காப்பி போடு, சீனி கூடப் போடு.” அடுப்படிக்குப் போனேன். பால் பொங்கி வரும்போது போன் அடித்தது. ஷ்ரவன் குரல் சின்னப் பையன் குரல், ஸ்பீக்கரில் கதவு தாண்டிக் கேட்டது, கோபமில்லை, அவசரம். ஏஜென்ட் வரி வரியா எழுதி வச்சிருக்கிற லாகைப் பார்த்தேன் நிலா, கீழ ஏதோ தமிழ்ல டைப் பண்ணியிருக்கே, யாரது, உன் சிஸ்டத்துல வேற யாராவது உட்கார்ந்தாங்களா என்று கேட்டான். பால் பொங்கி வழிந்து அடுப்பில் தீய்ந்தது, நான் அணைக்கவில்லை, அவள் பதிலுக்காகக் காத்திருந்தேன். ஓடிப் போய் நான்தான் தம்பி என்று சொல்ல ஆறு அடி தூரம். போகவில்லை. கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். “வேற யாரும் இல்ல ஷ்ரவன்” என்றாள் மங்கை. “நான்தான் போட்டேன். தலைவலி, சரியாப் படிக்கல. புரியலன்னு எழுதுனதும் நான்தான்.” அந்தப் பக்கம் அவன் சிரித்தானா, மூச்சு விட்டானா தெரியவில்லை, மூக்கு வழியாக ஒரு சின்னச் சத்தம் வந்தது.

அந்த மாதக் கடைசியில் மங்கையை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அவள் இடத்துக்கு வேறு ஆள் போடவில்லை.